ராசா பிடித்த கை

ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்குக் கற்சிலை புதுசில்லை. எங்க ஊர் பூவராகர் கோயில் மண்டபத்துத் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் நிற்கின்றன. ஆனால் 1939, 1947 ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்த பிறகுதான் தமிழ்நாட்டுச் சேரிக்காரன் கோயில் கல்லைக் கிட்ட நின்று பார்ப்பது சட்டப்படி உரிமையானது. அதனால் எந்தச் சிலையைப் பார்த்தாலும் 'ஆகா, என்ன அழகு' என்று எனக்கு வாய் திறக்காது. இதன் முன்னால் யார் நிற்கலாம், யார் தள்ளி நிற்கணும் என்றுதான் மனசு கேட்கும்.

இந்தக் கேள்வியோடுதான் தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டையில் உள்ள ஷ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போனேன். 1779இல் கட்டிய கோயில். உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். செய்தவர் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன். ரோமில் ஏழு வருஷம் தங்கிப் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களைப் படித்தவர். செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர் மராட்டிய ராசா இரண்டாம் சரபோஜி. 1798 பிப்ரவரியில் இறந்துபோன ஜெர்மன் பாதிரி ஷ்வார்ட்ஸ் அவருக்குத் தகப்பன் மாதிரி. கல்லில் உள்ள ஆங்கிலப் பாட்டும் ராசாவே எழுதியது.

கட்டிலில் பாதிரி சாகக் கிடக்கிறார். ராசா அவர் கையைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு பாதிரி, ராசாவின் ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பழைய கிரேக்கக் கல்லறைக் கற்களிலும் செத்தவரும் இருப்பவரும் இப்படித்தான் கைபிடித்து நிற்பார்கள். பளிங்கில் எல்லாருக்கும் ஒரே நிறம். பார்க்கிறவர்கள் உருகிப் போகிறார்கள். இந்து ராசா மிலேச்சனின் கையைத் தொட்டானே, என்ன மனசு!

நானும் கேட்கிறேன், அந்தக் கையில் மட்டும் தீட்டு ஏன் ஒட்டவில்லை? 1779இல் கம்பெனிக்காக ஹைதர் அலியிடம் தூது போன கை அது. சரபோஜியின் பட்ட உரிமைக்காக வாதாடிய கை. 1798இல் கம்பெனி அவரை அரியணையில் ஏற்றியது. 1799இல் ஒப்பந்தம் போட்டு நாட்டையே வாங்கிக்கொண்டது. அதே கம்பெனி சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தில் இதே பாதிரிக்கு ஜான் பேகன் என்ற இளைய சிற்பியை வைத்து இன்னொரு பளிங்கு வைத்தது. அதிகாரம் வந்தால் தீட்டு தானாக விலகிக்கொள்ளும். இது நமக்குத் தெரியாத சங்கதியா?

ஷ்வார்ட்ஸ் கெட்டவர் இல்லை. எளிமையாக வாழ்ந்தார், அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார். பறையர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆனால் அவர் சபையில் வேளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறைக் கிறிஸ்தவர் ஒரு பக்கம். நற்கருணையிலும் மேல்சாதிக்கே முதலிடம். அவரிடம் படித்த வேதநாயக சாஸ்திரி, சாதி வேற்றுமை இருக்கட்டும் என்று எழுதிப் போராடினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழியணும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியைக் கண்டுகொள்ளாத லைப்சிக் மிஷன் வந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. கடவுளை விடலாம், சாதியை விட முடியாது!

இத்தனையும் நடந்தபோது அந்தப் பளிங்கு இந்த ஊரில்தான் இருந்தது. ராசா பாதிரியின் கையைத் தொடுகிறார் என்று ஊருக்கே காட்டிய கல் அது. அந்தச் சபைக்காரர்களோ பக்கத்தில் இருந்த பறையர் தோளைத் தொட மறுத்தார்கள். கலை மனசை மாற்றும் என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லணும்.

கல்லை உடைக்கச் சொல்லவில்லை நான். சிலை உடைப்பது நம்ம வேலை இல்லை. நம்ம சிலைகளைத்தான் உடைக்கிறான். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் தலையை வெட்டினார்கள். இதே காவிரிப் பக்கம்தான். கடல் தாண்டி வந்த பளிங்குப் பாதிரி இருநூறு வருஷமாக நிழலில் இருக்கிறார். சேரிக்காரன் வயித்தைக் கட்டி வைத்த சிமெண்டு அம்பேத்கர் ஊருக்கு ஊர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்.

நான் கேட்பது ஒரு பலகை. அந்தப் பளிங்கின் பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி வையுங்கள்: இந்தச் சபையில் எங்கள் சனம் தனியாக உட்கார வைக்கப்பட்டது, 1833இல் சேர்ந்து உட்காரச் சொன்னதும் மேல்சாதி எழுந்து போனது, எங்கள் சனம் போகவில்லை. சரபோஜியின் பெருந்தன்மையைப் பாடப் புத்தகத்தில் எழுதுகிறவர்களும் இந்த மூன்று வரியைச் சேர்க்கட்டும்.

ராசா பிடித்த கைக்குப் பளிங்கு இருக்கிறது. யாரும் பிடிக்காத கைக்கு ஒரு பலகையாவது வேண்டாமா?