ராத்திரியில் கண் மூடும் கேமரா

உங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டில் கேமரா இருக்கிறதா? பகலெல்லாம் பளிச்சென்று படம் காட்டிவிட்டு, இருட்டியதும் அணைந்து அணைந்து உயிர் பெறுகிறதா? கேமராவைத் திட்டாதீர்கள் சார். பாவம், அதற்குச் சாப்பாடு போதவில்லை.

ஈதர்நெட் ஒயரிலேயே கரன்ட்டும் அனுப்புவது நல்ல யோசனைதான். புதுசும் இல்லை. வீட்டில் கரன்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் போன் அடித்ததே, எப்படி? எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே ஒயரில் வந்தது. கம்ப்யூட்டர் ஒயருக்கு ஐ.இ.இ.இ. அமைப்பு 2003-ல் விதி எழுதியபோதும் கிட்டத்தட்ட அதே 48-தான். இந்தப் பக்கம் 15.4 வாட் ஏற்றினால், 100 மீட்டர் கடந்து மறுமுனையில் 12.95 வாட். மிச்சம் வழியில் சூடாகப் போய்விடும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். நான் பி.காம். ஆசாமி. தேய்மானத்தை முதலிலேயே கழித்துக் காட்டுகிற கணக்கைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்!

இன்னொரு நாகரிகமும் உண்டு. எதிரே இருப்பது கரன்ட் கேட்கிற சாதனம்தானா என்று சின்ன வோல்டேஜில் தட்டிப் பார்க்கும். 25 கிலோ ஓம் என்று பதில் வந்தால்தான் கதவைத் திறக்கும்.

'பி.ஓ.இ.' என்ற அதே பெயரில் இன்னொரு சரக்கு விற்கிறது. வால் வைத்த ஜோடி ப்ளக். ஒரு வாலில் 12 வோல்ட் அடாப்டர், இன்னொரு வாலில் கேமரா. தட்டிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. சும்மா கிடக்கிற நாலு கம்பிகளில் கரன்ட்டைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். பத்தடிக்குச் சரி. 60 மீட்டருக்கு? நல்ல செம்பு ஒயரிலேயே போக வர சுமார் 5 ஓம் தடை. இருட்டியதும் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரிய, கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் இரண்டரை வோல்ட் வழியிலேயே காலி. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயர் என்றால் தடை ஒன்றரை மடங்கு. கேமராவுக்குக் கிடைப்பது 8 வோல்ட் சொச்சம். மயங்கி விழும். விழுந்ததும் விளக்கு அணையும், எழுந்திருக்கும். மறுபடி விளக்கு, மறுபடி மயக்கம். திருடருக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்த மாதிரி!

அதே வாட்டை 48-ல் அனுப்பினால் ஆம்பியர் கால்வாசி; வழியில் வீணாவது பதினாறில் ஒரு பங்கு.

"விலை கம்மி சார், எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்பார் கடைக்காரர். விற்கட்டும். கிட்டத்தில் இருக்கிற கேமராவுக்கு அது போதும். எனக்கு விலை மேல் கோபமில்லை, பெயர் மேல்தான். டால்டாவை டால்டா என்று சொல்லித்தானே விற்றார்கள்? நெய் என்று எழுதினால் சும்மா விடுவீர்களா?

அடுத்த முறை அசோசியேஷன் செக்ரட்டரி ஒயர் வாங்கப் போனால் கூடவே போங்கள். 'பெட்டி, கேமரா இரண்டும் 802.3 ஏ.எஃப்.பா? இல்லை பாஸிவ்வா?' என்று கேளுங்கள். கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 'முழுச் செம்பு' என்று அடித்துச் சொன்னால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா கிடைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.