குளோரின் நிரபராதி, யுவர் ஆனர்!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடின கதையைப் படிச்சுட்டு, "உனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு கேட்ட அத்தனை நல்ல உள்ளங்களுக்கும் நன்றி. வேலை இருக்கு பாஸ். இந்த வாரம் தண்ணியில இறங்கிட்டேன். அட, நீங்க நினைக்கிற தண்ணி இல்ல... நீச்சல் குளம்!

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, எங்க அம்மாவுக்கே வந்துச்சு. செமஸ்டர் லீவுல நீச்சல் கத்துக்கலாம்னு கோயமுத்தூர்ல ஒரு குளத்துல சேர்ந்தேன். மூணாவது நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையுறேன். ரெண்டு கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி செக்கச் செவேல். அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. கிட்ட வந்து மோந்து பார்த்தாங்க. "டேய், ஒழுங்கா சொல்லு... எங்க போயிட்டு வர்ற?" ப்ளீச்சிங் பவுடர் வாசனை மட்டும் வரலைன்னா அன்னிக்கு எனக்குச் சங்குதான்!

கண்ணு மட்டுமா? முழங்கை மடிப்புல அரிப்பு. கழுத்துல எரிச்சல். ஜட்டி எலாஸ்டிக் அழுத்தற இடத்துல ரயில் தண்டவாளம் மாதிரி சிவப்புக் கோடு. தோலெல்லாம் வெள்ளைப் பொடி உதிர, விரலால கீறி என் பேரையே எழுதலாம். நீங்க சம்மர்ல குளத்துக்குப் போயிருந்தா இதுல ஒண்ணாவது அனுபவிச்சிருப்பீங்க. என்னை மாதிரியே, "குளோரினை அள்ளிக் கொட்டியிருக்கான்யா"ன்னு திட்டியும் இருப்பீங்க.

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். நானும் அப்படித்தான் திட்டினேன். அதுதான் அவமானம்!

டால்ஃபின் ஓடிப் போன கதை

என்கூட சேர்ந்தவன் என் கிளாஸ்மேட். பேரு வேணாம். தண்ணியில விட்டா கல்லு மாதிரி நேரா கீழ போறதால 'டால்ஃபின்'னு கூப்பிடுவோம். அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே எக்ஸிமா. அஞ்சாவது நாள் அவன் முழங்கால் பின்பக்கம் வெடிச்சு தண்ணி கசிஞ்சுது. எட்டாவது நாள் ஆளைக் காணோம். போன் பண்ணினா, "விட்டுட்டேன் மச்சி, நமக்கு இது செட் ஆகாது"ன்னான்.

ஒரு கோர்ஸை பாதியில விடறது நம்ம இனத்துக்குப் புதுசா என்ன? நானே கிடார் கிளாஸை மூணே நாள்ல விட்டவன். ஆனா டால்ஃபின் நீச்சலுக்கு வந்த காரணம் வேற. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க ஊர்ல, கிணத்துல விழுந்து அவன் சித்தப்பா பையன் இறந்துட்டான். கிணத்து மேட்டுல நாலு பேர் நின்னிருக்காங்க. நாலு பேருக்கும் நீச்சல் தெரியாது. அதுல ஒருத்தன் டால்ஃபின்.

2021-ம் வருஷத்துல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்லுது. அந்தக் கணக்கைப் படிச்சப்போ, ஒரு அரிப்புக்காக அவன் நீச்சலை விடறதை என்னால விட முடியலை. கிளம்பினேன், குளோரின் மேல கேஸ் போட!

கோர்ட் நம்பர் 1: தோல் டாக்டர்

டால்ஃபினை இழுத்துக்கிட்டு தோல் டாக்டர்கிட்ட போனேன். "டாக்டர், இவனுக்கு குளோரின் அலர்ஜி"ன்னு நானே தீர்ப்பு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "அலர்ஜி வேற, எரிச்சல் வேறப்பா"ன்னாங்க.

அலர்ஜின்னா உடம்போட பாதுகாப்புப் படை ஒரு பொருளை எதிரியா முத்திரை குத்திச் சண்டை போடறது. குளத்துல நமக்கு வர்றது பெரும்பாலும் அது இல்ல. நம்ம தோலோட மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர். செல்லுங்கதான் செங்கல், நடுவுல இருக்கற எண்ணெய்ப்பசைதான் சிமென்ட். குளத்துத் தண்ணி அந்த சிமென்ட்டைக் கரைச்சு எடுத்துடும். சுவர்ல விரிசல் விழும். உள்ள இருக்கற ஈரம் வெளிய போகும், வெளிய இருக்கற கெமிக்கல் உள்ள வரும். விளைவு... வறட்சி, அரிப்பு, சிவப்பு. எக்ஸிமா இருக்கறவங்களுக்கு சுவரே ஏற்கெனவே லூஸ். அதனாலதான் எனக்கு சொறி, டால்ஃபினுக்கு வெடிப்பு.

"அப்ப நீச்சலை நிறுத்தணுமா?"ன்னு டால்ஃபின் கேட்டான். "புண்ணு ஆறட்டும். அப்புறம் தாராளமா போ. ஆனா, குளத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பாரு"ன்னாங்க டாக்டர். அந்தக் கடைசி வரிதான் என்னை அடுத்த கோர்ட்டுக்கு அனுப்புச்சு.

கோர்ட் நம்பர் 2: ஃபில்டர் ரூம்

எங்க டிபார்ட்மென்ட் லேப்ல கெஞ்சிக் கூத்தாடி டெஸ்ட் கிட் வாங்கிட்டுப் போனேன். குளத்துக்குப் பின்னாடி மோட்டார் ஓடற இருட்டு ரூம். அங்க ஒரு அண்ணன். வயசு 50 இருக்கும். "அண்ணா, குளோரின் ஏன் இவ்ளோ ஜாஸ்தியா போடறீங்க?"ன்னு வக்கீல் மாதிரி ஆரம்பிச்சேன்.

"ஜாஸ்தின்னு எப்படிங்க தம்பி சொல்றீங்க?"

"அதான் மூக்கைத் துளைக்குதே!"

"வாசம் அடிச்சா குளோரின் பத்தலைன்னு அர்த்தமுங்க. நீங்க படிச்சவங்கதானே?"

பொளேர்! நான் பேசாம கிட்டைப் பிரிச்சேன்.

டி.பி.டி. நம்பர் 1 மாத்திரையைப் போட்டா, கிருமியைக் கொல்லத் தயாரா இருக்கற குளோரின் அளவுக்கு ஏத்த மாதிரி தண்ணி பிங்க் கலருக்கு மாறும். போட்டேன். வெளுத்துப் போன ரோஸ். சுத்தமான குளத்துல குறைஞ்சது 1 பி.பி.எம். இருக்கணும். இங்கே அதுல பாதி தேறுறதே கஷ்டம். அதே தண்ணியில நம்பர் 3 மாத்திரையைப் போட்டேன். அது மொத்த குளோரினையும் காட்டிக் கொடுக்கும். பீட்ரூட் ஜூஸ் மாதிரி ஆயிடுச்சு!

ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் வில்லன். பேரு குளோரமின்.

ஃப்ரெண்ட்ஸ், இங்க ஒரு நிமிஷம் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி புக்குக்கு வாங்க. குளோரின் தண்ணியில போனதும் ஹைப்போகுளோரஸ் அமிலமா மாறி கிருமிகளைப் போட்டுத் தள்ளும். நல்ல பையன். ஆனா, நாம வியர்வையோட, தலையெண்ணெயோட, பவுடரோட, இன்னும் எதெதோட குதிக்கறோமோ, அதுல இருக்கற யூரியாவும் அமோனியாவும் அவனைப் பிடிச்சுக்கும். அப்படி உருவாகறதுதான் குளோரமின். கண்ணை எரிக்கறது, தொண்டையைக் கரகரக்க வைக்கறது, மூக்கைத் துளைக்கற 'நீச்சல் குள வாசனை' எல்லாத்துலயும் பெரிய பங்கு இதோடதுதான். அந்த வாசனையை 'சுத்தம்'னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாள் இழுத்து மூச்சு விட்டிருக்கோம் பாருங்க!

'எதெதோட'ன்னு நாசூக்கா சொன்னேன் இல்ல... நேராவே சொல்லிடறேன். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உடம்புல செரிக்காம சிறுநீர்ல அப்படியே வெளியேறுற ஒரு செயற்கை இனிப்பை குளத்துத் தண்ணியில தேடியிருக்காங்க. சுமார் 8.3 லட்சம் லிட்டர் பிடிக்கற ஒரு குளத்துல கிட்டத்தட்ட 75 லிட்டர் 'அது' இருந்திருக்கு. மைக்கேல் ஃபெல்ப்ஸே, எல்லா வீரர்களும் குளத்துல போறாங்கன்னு 2012-ல் பேட்டியில ஒத்துக்கிட்டார். குளோரின் கொன்னுடும்னு சமாதானமும் சொன்னார். தங்க மெடல் வாங்கினவரா இருந்தாலும் கெமிஸ்ட்ரியில ஃபெயில்தான். குளோரின் அதைக் கொல்றதில்ல, அதோட கூட்டணி வெச்சுடுது!

அடுத்து பி.ஹெச். பார்த்தேன். 7.2-ல் இருந்து 7.8-க்குள்ள இருக்கணும். நம்ம கண்ணீரே 7.4 பக்கம்தான். இங்க 8-ஐத் தாண்டியிருந்துச்சு. 7.5-ல் குளோரின்ல பாதி கிருமியைக் கொல்ற வேலை செய்யும். 8-க்குப் போனா கால்வாசிதான். தினமும் ப்ளீச்சிங் பவுடரா கொட்டக் கொட்ட பி.ஹெச். ஏறிக்கிட்டே போகும். அதை இறக்க அளவா அமிலம் சேர்க்கணும். இங்கே யாரும் சேர்க்கலை. நம்ம தோலு 5 பக்கம் இருக்கற அமில ஆசாமி. 8 அதுக்கு எரியாம என்ன செய்யும்?

"வாசம் போகணும்னா ஒரு ராத்திரி குளத்தை மூடிட்டு நிறைய குளோரின் போட்டு அடிக்கணுமுங்க. ஆபீஸ்ல மூட விடமாட்டேங்கறாங்க. பேட்ச் ஃபுல்லாம்"னார் அண்ணன்.

ஆஹா! இதுதானே பிரேக்பாயின்ட் குளோரினேஷன்! கோடு ஏறி, இறங்கி, திரும்ப ஏறுமே... அந்தப் படம்! பெரிய மார்க் கேள்வின்னு மனப்பாடம் பண்ணி, ஸ்கேல் வெச்சு வரைஞ்சு, மார்க்கும் வாங்கினேன். அந்தக் கோடு என் கண்ணு எரியறதைப் பத்தினதுன்னு ஒரு வாத்தியாரும் சொல்லலை, நானும் கேட்கலை. குளோரமினோட அளவுக்குச் சுமார் 10 மடங்கு குளோரின் போட்டாத்தான் அது உடைஞ்சு போகும். அரைகுறையா போட்டா இன்னும் மோசமாகும். அதாவது, வாசனை அடிச்சா குளோரினைக் குறைக்கக் கூடாது, கூட்டணும்! பத்தாவது தாண்டாத அண்ணனுக்கு இது தெரியும். எனக்குப் படம் மட்டும்தான் தெரியும்.

கிளம்பும்போது அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, உரிஞ்சு, ரேகையே இல்ல. உள்ளங்கையில வெடிப்பு. பிளாஸ்டிக் மக்குல ப்ளீச்சிங் பவுடரை வெறும் கையால அள்ளிக் கரைக்கறார். கண்ணாடி இல்ல, மாஸ்க் இல்ல. "கிளவுஸ் கேட்டேனுங்க. வருது வருதுங்கறாங்க. சோறு பிசையும்போதுதான் எரியும்... பழகிடுச்சு"ன்னார்.

ஒரு மணி நேரம் குளிச்ச என் அரிப்புக்கு நான் டாக்டர்கிட்ட போனேன். டெய்லி மூட்டையோட மல்லுக்கட்டற அவரோட கைக்கு யாரு கேஸ் போடறது?

தீர்ப்பு

எங்க பேட்ச்ல 14 பேர். எல்லாரும் கையெழுத்து போட்டு ஆபீஸ்ல குடுத்தோம். கேட்டது மூணு விஷயம். ஒரு ராத்திரி குளத்தை மூடி ட்ரீட்மென்ட். உடைஞ்சு கிடக்கற ஷவரை ரிப்பேர் பண்ணணும். அண்ணனுக்கு கிளவுஸ், கண்ணாடி. மேனேஜர் முறைச்சார். ஆனா 14 பேரும் மாசக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்போம்னதும் முகம் மாறுச்சு. குளத்தை மூடினாங்க. பகல் வெயில்ல குளோரின் சீக்கிரம் சிதைஞ்சுடுங்கறதால, சாயங்காலத்துக்கு மேல அண்ணன் வேலையை ஆரம்பிச்சார். அளவு இறங்கி நார்மலுக்கு வர்ற வரைக்கும் யாரையும் விடலை. திரும்ப இறங்கினப்போ மூக்குல வாசனையே இல்ல. ஷவரும் வந்துச்சு. கிளவுஸ்தான் வரவே இல்ல. நாங்களே காசு போட்டு வாங்கிக் குடுத்தோம். அவர் அதைப் போட்டுக்கிட்டு கையை ஆட்டிக் காட்டினப்போ சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வெட்கமாவும் இருந்துச்சு. அது எங்க காசுல வந்திருக்கக் கூடாது.

குதிக்கும் முன்... ஏறிய பின்!

* குதிக்கறதுக்கு முன்னாடி 1 நிமிஷம் ஷவர்ல நில்லுங்க. உடம்புல இருக்கற அழுக்குல பெரும்பகுதி அதுலயே போயிடும். குளோரமினுக்குத் தீனி குறையும்.

* தேங்காயெண்ணெய் அபிஷேகம் வேண்டாம். அது தண்ணியில மிதந்து ஃபில்டரை அடைக்கும். ரொம்ப வறண்ட தோல்னா மடிப்புகள்ல மட்டும் வாசலின் மெல்லிசா தடவுங்க.

* கண்ணுக்கு காகிள்ஸ் கட்டாயம். அம்மாகிட்ட இருந்து தப்பிக்கவும் உதவும்!

* ஏறினதும் ஈர ஜட்டியோட பஜ்ஜி கடைக்குப் போகாதீங்க. உடனே நல்ல தண்ணியில குளிச்சு, மைல்டான சோப்பு போட்டு, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர்.

* ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு, ஜட்டி மூடின இடத்துல சீழ் வெச்ச சின்னச் சின்னக் கட்டி வந்தா அது குளோரின் அதிகமானதால இல்ல. குறைஞ்சதால வளர்ற பாக்டீரியாவா இருக்கலாம். வட்டமா ஓரம் சிவந்து பரவினா அது படர்தாமரையா இருக்கலாம். ரெண்டுக்கும் டாக்டரைப் பாருங்க.

* மெடிக்கல் ஷாப்ல "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கேட்கவே கேட்காதீங்க. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவினா படர்தாமரை முதல்ல அடங்கற மாதிரி நடிச்சுட்டு, அப்புறம் ஊரையே வளைச்சுப் போட்டுடும்.

* மூச்சு இழுக்குது, உடம்பெல்லாம் தடிப்பு கிளம்புதுன்னா வீரம் வேண்டாம். உடனே ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

* ப்ளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் எங்கயும், வீட்டு பாத்ரூம்லகூட, ஒண்ணா கலக்காதீங்க. வர்றது விஷ வாயு.

டால்ஃபின்? மூணு வாரம் மருந்து போட்டு, புண்ணு ஆறி, திரும்ப வந்துட்டான். போன சனிக்கிழமை குளத்தோட அகலத்தை, நீளத்தை இல்ல, அகலத்தைத்தான்... நிக்காம கடந்தான். அந்தப் பக்கம் போய் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் திரும்பவே இல்ல. வெளிய வந்தப்போ கண்ணு சிவந்திருந்துச்சு.

தண்ணியை டெஸ்ட் பண்ணினேன். குளோரின், பி.ஹெச். ரெண்டுமே கரெக்டா இருந்துச்சு. நான் ஒண்ணும் கேட்கலை.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... குளிச்சுட்டு குளிங்க மக்களே!