தோளுக்கும் உண்டு ஸ்கேன்

பெங்களூரு ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மனஹள்ளி, ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் பெயர் போனது. காலையில் ஆலை வாசல்களில் நுழையும் கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து துணியைத் தள்ளும் வேலை. தோள் வலித்தால் முதலில் தைலம், பிறகு மாத்திரை, கடைசியில் எக்ஸ்ரே. படத்தில் எலும்பு நன்றாகவே இருக்கும். வலி மட்டும் போகாது.

காரணம் எளிது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தோள்வலியின் மூலமோ பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள தசைநாண்களிலும், அவை உராயாமல் காக்கும் சிறு நீர்ப்பைகளிலும் இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் கருவி, அதிக அதிர்வெண் முனையைப் பொருத்தினால் இவற்றையும் காட்டும். கையை இடுப்புக்குப் பின்னால் வைத்தால், எலும்புக்கடியில் ஒளிந்திருக்கும் தசைநாண் முன்னுக்கு வரும். கிழிசலா, வீக்கமா, நீர் கோத்திருக்கிறதா என்பது திரையில் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் படுக்க வேண்டும். இதில் கையைத் தூக்கச் சொல்லியே பார்க்கலாம். கதிர்வீச்சும் கிடையாது.

மூட்டுவாத மருத்துவர்களுக்கு இதில் கூடுதல் லாபம். முடக்குவாதத்தின் அழற்சியை, அங்கே கூடிய ரத்த ஓட்டமே காட்டிக்கொடுக்கும். ஐம்பதைத் தாண்டியவர்களின் தோள்களை முடக்கும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா நோய்க்கு 2012இல் வெளியான சர்வதேச வரையறையில், அல்ட்ராசவுண்ட் படத்துக்கும் இடம் தரப்பட்டது.

ஆனால் படமே முடிவல்ல. வலியே இல்லாத முதியவர்களின் தோளிலும் கிழிசல் தென்படுவதுண்டு. நீரிழிவு நோயாளிகளை அதிகம் வாட்டும் 'உறைந்த தோளை', கையை அசைத்துப் பார்த்தே மருத்துவர் கண்டுபிடிக்கிறார். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்துத்தான் படத்தின் பயனும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல். கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய எந்தக் கருவியையும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். தோளை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கும் அதே விதி. பதிவு செய்த இடத்திலிருந்து கருவியை நினைத்தபடி ஆலை வாசலுக்குக் கொண்டுபோகவும் முடியாது. கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 919தான்.

எனவே சட்டத்தைத் தளர்த்துவதைவிட, பதிவு பெற்ற மையங்களில் தோளைப் பார்க்கப் பயின்றவர்களைக் கூட்டுவதே நல்ல வழி. விடுப்பு எடுத்தால் கூலி போகும் தையல் தொழிலாளிக்கு, பரிசோதனையும் படமும் ஒரே நாளில் முடிவது பெரிய விஷயம்.