அவர்கள் போட்டால் மணம், நாங்கள் போட்டால் நாற்றம்

ஆப்பிள் மரச் சீவல், ஹிக்கரி மரச் சீவல் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். மொட்டை மாடியில் மூடி போட்ட அடுப்பை வைத்து, சீவலைத் தணலில் புகையவிட்டு, கறியையும் இறாலையும் அதில் வாட்டுவது வசதியானவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. செய்யட்டும்.

அந்த வாசனை எங்களுக்குப் பழசு. செத்த மாட்டைத் தூக்குவது எங்கள் வேலை என்று விதித்தது ஊர். கறி மொத்தமாக வந்து சேரும். ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது, ஃப்ரிட்ஜும் கிடையாது. நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் போட்டார்கள் எங்கள் பாட்டிகள். மழை பிடித்துக்கொண்டால் அடுப்புக்கு மேலே கட்டினார்கள். உப்பு நீரை இழுக்கும், புகை கெடாமல் காக்கும். அதுதான் உப்புக்கண்டம். மராத்வாடா தலித்துகள் இப்படிக் காயவைத்த மாட்டுக்கறியைச் சான்யா என்கிறார்கள். ஷாஹு பட்டோலே 2015இல் எழுதிய மராத்தி நூலில் அது இருக்கிறது.

கண்ணெரிய ஊதிய அந்த அடுப்பை நாங்கள் காவியமாக்கப் போவதில்லை. இல்லாமை கற்றுக்கொடுத்த வித்தை அது. ஆனால் வித்தை. அதைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள்தான் இன்று சீவலுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தது.

சென்னையில் வீடு தேடும் எங்கள் பிள்ளைகளிடம் முதல் கேள்வியே "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்பதுதான். மாடியில் ஹிக்கரிப் புகை எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் செய்முறை கேட்கிறார். அதே மாடியில் உப்புக்கண்டக் கொடி கட்டிப் பாருங்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.