சுழலும் கண்ணாடி

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியைப் போன்ற ஓர் ஊரில், அமாவாசை இரவில் ஆகாசத்தை அண்ணாந்து பார்க்கும் பையன், "தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கித் தாருங்கள், அப்பா" என்று கேட்டால் தகப்பனார் என்ன சொல்வார்? விலையை விசாரித்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். வாங்க முடியாவிட்டால் நாமே செய்துகொள்ளலாகாதா என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகளுக்கு உயிர்நிலை, அவற்றிலுள்ள குழிந்த ஆடி. அதைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்குவது மனிதனுடைய பொறுமையைச் சோதிக்கும் காரியம். இயற்கையோ அவ்வடிவத்தை விளையாட்டாகவே அமைத்துக் காட்டுகிறது. குயவர் சக்கரத்தின் நடுவே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துச் சீராகச் சுற்றினால், தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிகிறது. நக்ஷத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கவல்ல பரவளைவு இதுவே. நிமிஷத்துக்குச் சுமார் 21 சுற்றுச் சுற்றினால், ஒளி ஒரு மீட்டர் உயரத்தில் குவியும். வேகம் கூடினால் அந்த உயரம் குறையும். தட்டு பெரிதா சிறிதா, திரவம் கனமா இலேசா என்ற கவலையே இல்லை!

அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் உட் பாதரஸத்தைச் சுழற்றி நக்ஷத்திரங்களைப் பார்த்து, 1909-ல் அதைப் பற்றி எழுதினார். சிறு அதிர்வும் பாதரஸத்தில் அலை எழுப்பியது அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. அந்தத் தொல்லையை வென்ற யந்திரம் ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. உத்தராகண்டில் 2,450 மீட்டர் உயரமுள்ள தேவஸ்தல் மலையில், பெல்ஜியம், கனடா முதலிய தேசங்களுடன் கூடி நிறுவிய 4 மீட்டர் பாதரஸ ஆடி 2022-ல் முதன்முதலாக வானத்தைக் கண்டது. சுமார் 50 லிட்டர் பாதரஸம் எட்டு விநாடிக்கு ஒரு முறை சுழல்கிறது. சாய்த்தால் கொட்டிவிடுமாதலால், அது தலைக்கு நேர் மேலே உள்ளதை மட்டுமே பார்க்கும்.

பாதரஸத்தின் ஆவி கொடிய விஷம். வீட்டில் அதைத் தொடவே கூடாது. அதற்குப் பதிலாக, தானே இறுகும் பிசினைச் சுழல விட்டு, இறுகிய பின் அலுமினியம் பூசலாமே என்று அன்பர்கள் பலர் முயன்றதுண்டு. குழிவு அழகாகத்தான் வரும். ஆனால் இறுகும்போது பிசின் சூடேறிச் சுருங்குகிறது. மோட்டாரின் நடுக்கம் அதில் பதிந்துவிடுகிறது. நல்ல ஆடியிலோ, மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் அதில் ஒரு கூறளவு பிழைகூட இருக்கலாகாது. அமெரிக்காவின் அரிஸோனாவில் உலையையே சுழற்றி 8.4 மீட்டர் கண்ணாடிகள் வார்க்கிறார்கள். அவற்றுக்கும் கடைசியில் மெருகிட்டே தீரவேண்டும்.

ஆகவே, சுழற்றுவது பாதி வேலையைக் குறைக்குமேயன்றி, மீதிப் பாதியை நீக்காது. பிசின் தட்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறந்த பாடம். சந்திரனின் மலைகளைக் காண விரும்புவோர், ஆறங்குலக் கண்ணாடி வட்டம் இரண்டும் கார்பொரண்டம் பொடியும் வாங்கி, கையாலேயே தேய்ப்பது நலம். ஒரு சிறு விளக்கும் சவரத் தகடும் கொண்டே அதன் குற்றங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

1986-ல் காவலூரில் திறந்து வைக்கப்பெற்ற 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகிட்டவர்கள் நம்மவர்களே. அந்தப் பொறுமை நம் குழந்தைகளுக்கு மட்டும் வாராதா, என்ன?