‘இதுவும் ஒரு சங்கீதமா?’ என்று கேட்பவர்களுக்கு

சென்ற திருவிழாவின்போது நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றிலில் நடந்த ஒரு சிறு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். செம்பனைக் குலை வெட்டும் இளைஞர் எண்மர், மாலை ஆறு மணிக்கு உறுமியும் தப்புமாக வந்து நின்றனர். வாசித்துக் கால்மணி நேரங்கூட ஆகியிராது. பட்டணத்திலிருந்து வந்து முன்வரிசையில் வீற்றிருந்த பெரியவர் ஒருவர், நன்கு கற்றவர், “இதுவும் ஒரு சங்கீதமா? நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். கமிட்டியார் நிறுத்தினர். ஒருவர் ஓடிப்போய்த் தம் கைபேசியை ஒலிபெருக்கியில் மாட்டி நாதஸ்வரத்தை ஓடவிட்டார். எண்மரும் கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பினர். நாம் பக்கத்திலேதான் நின்றோம், வாய் திறக்கவில்லை. எப்போது வாயை மூடவேண்டும் என்பது கிராணிமாருக்கு நன்றாய்த் தெரியும் என்று தோட்டத்தார் சொல்வது பொய்யன்று.

பின்பு காப்பி வந்தது. காப்பியோடு அபிப்பிராயங்களும் வந்தன. இக்காலத்துப் பாட்டில் ராகமில்லை, தாளமில்லை. எல்லாம் இயந்திரத்தின் கூச்சல். சாஸ்திரீய சங்கீதம் ஒன்றே சங்கீதம். கைபேசி வந்து செவியையே கெடுத்துவிட்டது என்று அப்பெரியவர் பொழிந்தார். அன்பர்காள், இவ்வார்த்தைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கலியாண வீட்டிலும் காப்பிக் கடையிலும் விலையின்றிக் கிடைக்கும் சரக்கு இது. விலையில்லாச் சரக்கையே நாம் சற்று உரைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

கைபேசியைத் தூற்றியவர் கேட்டு மகிழ்ந்த நாதஸ்வரம் எதிலிருந்து வந்தது? கைபேசியிலிருந்துதானே! இது கிடக்க, அவர் போற்றும் கச்சேரி மேடையையே பார்ப்போம். பாடகருக்குப் பக்கத்தில் இருக்கும் பிடில் சீமையிலிருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதை வெள்ளையர் முறையில் கற்று நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். அன்று அது புதிய இயந்திரம். இன்று அதில்லாமல் கச்சேரியே இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் மின்சார மாண்டலினும், கத்ரி கோபால்நாத் வாயில் சாக்ஸபோனும் நம் காலத்திலேயே சாஸ்திரீயம் ஆயின. பாடகரின் பின்னே தம்புரா மீட்ட ஆளில்லாத இடத்தில் சுருதி கூட்டுவது மின்சாரப் பெட்டி. அதுவும் போய் இப்போது கைபேசியே சுருதி கூட்டுகிறது.

ஆர்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. அது நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆயினும், “அந்தக் காலத்தில் ஐந்து கட்டையில் பாடினார்களே!” என்று பெருமூச்சு விடுகிறார்களே, அந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டைதான். தள்ளிவைத்த பெட்டியையே அளவுகோலாக்கிப் பழம்பெருமையை அளக்கிறோம்!

1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் நம் நாட்டில் முதன்முதல் பாட்டைத் தட்டில் பிடித்தபோது, கெளஹர் ஜான் போன்றோர் ஒரு பெரிய குழாய்க்குள் பாட நேர்ந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம். மணிக்கணக்கில் ஆலாபனை செய்யும் ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் மடக்கவேண்டும். சங்கீதம் சாகவில்லை. அதுமட்டுமன்று; சபையின் வாயிலை மிதிக்க வழியில்லாதவனும், சீட்டு வாங்கக் காசில்லாதவனும், கிட்டப்பாவையும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் கேட்டது அந்தத் தட்டினால்தான். சபை அடைத்த கதவைப் பெட்டி திறந்தது. இயந்திரத்தின் மேல் மேலோருக்கு உள்ள கோபத்தில் ஒரு பங்காவது இதனால் உண்டானது என்றே நாம் எண்ணுகிறோம்.

சினிமாப் பாட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பட்டிக்காட்டு மெட்டு என்றும், 1992இல் ‘ரோஜா’ வந்தபோது கம்ப்யூட்டர் சத்தம் என்றும் முகஞ்சுளித்தவர் உண்டு. இன்று அவ்விரண்டும் ‘பொற்காலம்’. இன்றைய பாட்டுகளில் குப்பை இல்லையா எனில், மலைபோல் இருக்கிறது, பழையதிலும் இருந்தது. பழைய குப்பையைக் காலம் கூட்டி எறிந்துவிட்டது, அவ்வளவே.

எனவே கேள்வி பழமை, புதுமை பற்றியதன்று, இயந்திரம் பற்றியதுமன்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்காகத் தீர்மானம் செய்தபோதும், “சங்கீதத்துக்குப் பாஷை ஏது?” என்று எதிர்த்தவர் இருந்தனர். பாஷை இல்லையென்றால் தமிழ் வந்ததும் ஏன் பதறினர்? அதே பதற்றத்தைத்தான் நம் கோயில் முன்றிலில் கண்டோம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனகல் எழுப்புவதற்கு எத்தனை மாதப் பழக்கம் வேண்டும் என்று அப்பெரியவர் அறிவாரா? தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்துச் சுருதி சேர்ப்பதைக் கண்டதுண்டா? லயத்தில் வசிப்பவனுக்கு லயம் தெரியாது என்று யார் சொன்னது? தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்று பாட்டன் சொன்னதைப் பேரன் சொல்லக் கூசுகிறான்; ஆகவே “இது சங்கீதமன்று” என்கிறான். மிருதங்கமும் தோல்தானே, ஐயா!

குடித்துவிட்டு நடுவீதியில் ஆடும் சில குழுக்களைக் காட்டி நம் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். அக்குடியை நாம் ஆதரிக்கவில்லை. அது வேறு வழக்கு. குடித்துவிட்டுப் பாடிய பாகவதர்களுக்காகச் சங்கீதத்தை நிறுத்தினோமா?

நாமும் இக்குற்றத்துக்கு உடந்தை. இங்கிலீஷ்ப் பள்ளியில் படித்த காலத்தில், பியானோவைக் கேட்டால் தலையசைப்பதும், தப்போசை கேட்டால் காதைப் பொத்துவதும் நாகரிகம் என்றிருந்தோம். நம் வீட்டிலிருந்து தப்பு ஒலித்த இடம் இருபது அடி தூரங்கூட இராது.

அடுத்த திருவிழாவின் வரவுசெலவுத் திட்டம் இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. ஒலிபெருக்கி வாடகைக்கு ஒரு வரி, பந்தலுக்கு ஒரு வரி, விருந்தினர் காப்பிக்கு ஒரு வரி. உறுமிக்காரருக்கு இதுவரை எந்த ஆண்டும் வரி இருந்ததில்லை. இம்முறை நாம் எழுதிவிட்டோம், மையால். கமிட்டியார் அதை அடிக்க வேண்டுமானால் நம் எதிரிலேயே அடிக்கட்டும்.