வாடாத பூ வேண்டாம்

தஞ்சாவூரில் என் நண்பர் ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு என்னால் போக முடியவில்லை. அந்தக் குறை தீர ஒரு மாதம் கழித்துப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம், இந்தக் கட்டுரையை எழுதி அவரிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டிராது.

புறவழிச் சாலைக்கு அப்பால், சில வருஷங்களுக்கு முன்புவரை நெல் விளைந்துகொண்டிருந்த இடத்தில் வீடு. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். வாசற்படியில் அழகான தாமரைக் கோலம். குனிந்து பார்த்தேன். ஒட்டுக் கோலம். 'ஸ்டிக்கர்' என்கிறார்களே, அது. தாமரையின் ஓர் இதழ் மட்டும் பிய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் நிலைப்படியில் மாவிலைத் தோரணம். தொட்டேன், பிளாஸ்டிக். கூடத்தில் சரஞ்சரமாக மல்லிகை, பிளாஸ்டிக். தகப்பனார் படத்துக்குச் சாமந்தி மாலை, அதுவும் அப்படியே. சாப்பாட்டு மேஜையின்மேல் ஒரு கூடை நிறைய ரோஜா. அந்த ரோஜாவின் இதழ்களில் பனித்துளிகள் இருந்தன. பனித்துளியும் பிளாஸ்டிக்!

"எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று" என்றார் நண்பர். "ஆனால் ஒரே செலவு. வாடவே வாடாது, பாருங்கள்!"

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல நானும் தலையை ஆட்டிவைத்தேன். விருந்தாளி வேறு என்ன செய்வான்? அந்தச் சமயம் தெருவில் ஒரு பூக்காரி கதம்பம் கூவிக்கொண்டு போனாள். மல்லிகை, கனகாம்பரம், மருக்கொழுந்து, பச்சிலை என்று வகைக்குக் கொஞ்சமாக வைத்து நெருக்கிக் கட்டிய தஞ்சாவூர்க் கதம்பம். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்க இடமில்லாமல் வெளியே போயிற்று. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் அந்த வாசலில் நிற்கவில்லை. வாடாத பூ இருக்கிற வீட்டில் தனக்கு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கிறது.

அன்று ஆட்டிய தலையை இன்று நிமிர்த்திச் சொல்கிறேன்: வாடாத பூ வீட்டுக்கு அழகு அல்ல. அந்த வீட்டில் யாரும் எதையும் பார்ப்பதில்லை என்பதற்கு அத்தாட்சி.

பெரிய வார்த்தை என்று நேயர்கள் நினைக்கலாம். சொந்த அநுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். சென்னையில் என் வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து 3 வருஷம் குடியிருந்தது. டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில், தினந்தோறும் என் கண்ணுக்கு நேரே. ஒரு நாள் என் தங்கையின் பெண், 7 வயதுக்காரி, பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தினாள். "மாமா, அந்தப் பூ என்ன கலர்? பாக்காமச் சொல்லு" என்றாள். "சிவப்பு" என்றேன். கையை எடுத்தாள். ஊதா!

மூன்று வருஷம் எதிரிலே இருந்த பூவின் நிறம் எனக்குத் தெரியவில்லை. நேயர்களும் இந்தப் பரீட்சையைத் தங்கள் வீட்டில் நடத்திப் பார்க்கலாம். தேறியவர்கள் இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

வாடுகிற பூவிடம் இந்த மோசடி நடக்காது. காலையில் வைத்தால் மாலையில் தளரும். மறுநாள் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது பார்த்தாக வேண்டும். வேறு பூ வைக்கும்போது, வைக்கிற இடத்தையும் பார்த்தாக வேண்டும். தூசி தெரியும், துடைப்போம். ஒரு முழம் பூ, ஒரு மனிதனைத் தினம் ஒரு தடவை தன் வீட்டைத் தானே பார்க்கச் செய்கிறது. வீடு பிரகாசமாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். இதைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது.

இதைக் கற்றுக்கொள்ளக் காவேரிக் கரைக்காரர்கள் எங்காவது போக வேண்டுமா? பொங்கலுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெண்மை எடுத்துக் காட்டக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். திண்ணை ஓரத்தில் காவியால் ஒரு பட்டை இழுப்பார்கள். வெள்ளையும் காவியும், இரண்டே வர்ணம்; கூரை வீடுகூட எழுந்து நின்று பேசும். மார்கழியில் கோலத்தின் நடுவே ஒரு சாணி உருண்டை, அதன் தலையில் ஒரு பூசணிப் பூ. அந்த மஞ்சளுக்கு ஈடான மஞ்சளை எந்தப் பெயிண்டுக்காரரும் இதுவரை டப்பாவில் அடைக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்குச் சிறுவர்கள் மூங்கில் சிம்பிலும் வர்ணக் காகிதத்திலும் சப்பரம் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுவார்கள். அறுப்பிலே ஒரு பிடி நெற்கதிரை வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். வீட்டுக்கு அழகு, குருவிக்குச் சாப்பாடு. விசேஷம் வந்தால் தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துத் தோரணம். இவற்றில் எதற்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று?

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. கோலம் அழகாயிருந்த தெருக்கள் பலவற்றில் எல்லாரும் நடந்து போக முடியாதிருந்தது; அந்தத் தெருக்கள் எனக்கு வேண்டாம். தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படமும், பித்தளைத் தட்டில் வெள்ளியும் செம்பும் பதித்த தஞ்சாவூர்க் கலைத்தட்டும் அரண்மனையையும் மிராசுதார் கூடத்தையும் அலங்கரித்தன, இருக்கட்டும். நான் பேசுவது வரப்போரத்துக் குடிசையைப் பற்றி. அதற்குச் சுண்ணாம்பும் காவியும் ஒரு பிடி மாவும்தான் சொத்து. அவ்வளவை வைத்துக்கொண்டு அது அழகாயிருந்தது. மூன்று படுக்கையறை வீட்டுக்காரர்களான நாம் அதனிடம் தோற்றுப் போகிறோம்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் வரும். வரவேண்டியதுதான். "காலை ரயிலைப் பிடித்துக் கும்பகோணத்துக்கு ஆபீஸ் போகிறேன். சமையல், குழந்தைகள், மாமியாருக்கு மருந்து. இதிலே கோலமும் நான் போட்டு, பூவும் நான் கட்ட வேண்டுமா? ஒட்டுக் கோலம் எனக்குப் பத்து நிமிஷத் தூக்கம் கொடுக்கிறது" என்று ஒரு சகோதரி கேட்பார். அவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் சண்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் கனவானோடுதான். ஐயா, பூக்கட்டுவது பெண்கள் வேலை என்று உமக்கு யார் சொன்னது? திருப்புகலூர் முருக நாயனாருக்குத் தினமும் பூப் பறித்து மாலை கட்டுவதுதான் வாழ்க்கை. அதற்காகவே அவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்திருக்கிறோம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருமண்டங்குடியில். ஸ்ரீரங்கத்திலே நந்தவனம் வைத்து அரங்கனுக்குத் துளசியும் பூவும் தொடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் கோவிலில் பூத்தொடுத்த பண்டாரங்களும் ஆண்பிள்ளைகள்தாம். சோழநாட்டு ஆணின் விரலுக்கு நார் புதிது அல்ல.

நானும் கற்றுக்கொண்டேன். முதல் நாள் நான் கட்டிய சரத்தைத் தூக்கியதும் பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் கையில் நின்றது. தங்கையின் பெண் சிரித்த சிரிப்பு வீட்டை நிறைத்தது. எத்தனையோ ரூபாய் கொடுத்து வாங்கிய எந்த அலங்காரமும் அந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

இரண்டாவது ஆட்சேபம் விலை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறையும்; தை பிறந்து முகூர்த்தங்களும் சேர்ந்துகொண்டால் விலையைக் கேட்கவே வேண்டாம். வாஸ்தவம். ஆனால் மல்லிகைதான் பூ என்று சட்டமா? நந்தியாவட்டை பூத்துக்கொண்டேயிருக்கும். செம்பருத்திக்கு மாடியில் ஒரு தொட்டி போதும். பவழமல்லியைப் பறிக்கக்கூட வேண்டாம்; விடியற்காலையில் தானே உதிர்ந்து கிடக்கும், பொறுக்கினால் சரி. ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நாலு செம்பருத்தியை மிதக்கவிட்டுப் பாருங்கள். பெரிய ஓட்டல்களில் வெண்கல உருளியில் இதையே செய்து வாசலில் வைக்கிறார்கள்; நாமும் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு வருகிறோம்.

"எல்லாம் சரி, ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கிற மாதிரி ஏதாவது வேண்டாமா?" என்பது மூன்றாவது ஆட்சேபம். அதற்கும் தஞ்சாவூரிலேயே பதில் இருக்கிறது. அதன் பெயர் நெட்டி. நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு. மேல் தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போன்ற வெண்மை. அதைக் கத்தியால் சீவியே பெரிய கோவிலைக் கையளவில் கட்டிவிடுகிறார்கள், பூவும் செய்கிறார்கள். அதே நெட்டிக்குச் சாயமேற்றிக் கோத்த மாலைதான் இந்த ஜில்லாக்களில் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் ஏறும். 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது, நாமும் பெருமைப்பட்டோம். பொங்கல் சந்தையில் நெட்டி மாலைக்குப் பக்கத்திலேயே பளபளவென்று பிளாஸ்டிக் மாலை தொங்குகிறது. நாம் அதை வாங்கிக்கொண்டு வருகிறோம். நெட்டிக்காரருக்குக் குறியீட்டைக் கொடுத்துவிட்டோம். காசைக் கொடுக்க மறந்துவிட்டோம்.

அந்த வாடாத பூவாவது சாகாமல் இருக்கிறதா? அதுவும் இல்லை. வெயில் பட்டு வெளுக்கிறது. தூசி படிந்து கறுக்கிறது. ஒரு நாள் குப்பைக்குப் போகிறது. மல்லிகை வாடினால் மண்ணாகும். இது வாய்க்காலில் போய் அடைத்துக்கொண்டு, வயலுக்குப் போகிற தண்ணீரை மறிக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. பையைத் துரத்திவிட்டு, அதன் உடன்பிறப்பைக் கூடத்தில் உட்காரவைத்து உபசரிக்கிறோம்.

இவ்வளவு கோபம் ஒரு பூவுக்காகவா என்று கேட்டால், எனக்கு இந்த விஷயத்தில் புத்தி வந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியது. அந்தப் பிரதேசம் முல்லைப் பூவுக்குப் பேர்போனது. ஒரு மாதம் கழித்து, மார்கழியில், நண்பர்கள் சிலரோடு உதவிச் சாமான்களை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முல்லைக் கொல்லைகளின்மேல் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு வீட்டுக்குக் கூரை இல்லை. நீலத் தார்ப்பாய் போட்டிருந்தது. அதன் வாசலில், பனியில், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கோலம் இல்லை. நாலு புள்ளி, சுற்றி ஒரு வளையம். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் மாவு. தொட்டுப் பார்த்தேன். கல்மாவு இல்லை, அரிசி மாவு. நிவாரணத்துக்கு வந்த அரிசியாகத்தான் இருக்க வேண்டும்.

கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். "சாப்பாட்டுக்கே கஷ்டமான சமயத்தில் அரிசி மாவிலேயா அம்மா கோலம் போடணும்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "எறும்புக்கும் சேத்துத்தானே தம்பி புயல் அடிச்சுது?" என்றார். பிறகு, விட்ட இடத்திலிருந்து வளையத்தை முடித்தார்.

வீட்டு அலங்காரம் வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று அதுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூரையில்லாத வீட்டுக்கு வாசல் இருந்தது. அந்த வாசலுக்கு ஒரு கோலம் வேண்டியிருந்தது. இங்கே மனிதர்கள் இருக்கிறோம், இன்று விடிந்திருக்கிறது என்று சொல்வதற்கு அந்த அம்மாளுக்கு வேறு வழி இல்லை. ஒட்டுக் கோலத்துக்கு இதைச் சொல்லத் தெரியாது. அது நேற்றும் அங்கேதான் இருந்தது; வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டாலும் அங்கேதான் இருக்கும்.

என் தஞ்சாவூர் நண்பர் இந்தக் கட்டுரையைப் படிப்பார். நாலாயிரத்துச் சொச்சத்தையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. அது போகிற நாளில் தானே போகும். வாசலில் பிய்ந்திருக்கிறதே தாமரையின் ஓர் இதழ், அதை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றவையும் கூடவே வந்துவிடும். வருகிற வெள்ளிக்கிழமை பூக்காரி அந்தத் தெருவில் வரும்போது அவர் மனைவியை எழுப்ப வேண்டாம். அவரே வாசலுக்குப் போய்க் கூப்பிடட்டும். ஒரு முழம் கதம்பம் வாங்கித் தகப்பனார் படத்துக்கு வைக்கட்டும்.

மறுநாள் அது வாடிவிடும். வாடட்டும். மறுநாளும் அவள் வருவாள்.